அமாவாசை அண்ணையும் விரத மீன்களும்

மனிதருக்கு விரதம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மீனுக்கு விரதம் பிடிக்கப் பழக்கியவர் இந்த உலகத்திலேயே ஒரேயொருவர்தான். அவர் சுன்னாகத்தில், எங்கள் ஒழுங்கையில், என் வீட்டிலிருந்து நாலு கேற் தள்ளி இருந்தார். வரவேற்பறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல் தண்ணீர். கடல் தண்ணீருக்குள் கடல் மீன்கள். அந்த மீன்கள் வெள்ளிக்கிழமை சாப்பிடாது. பிரதோஷத்துக்குச் சாப்பிடாது. கந்தசஷ்டி வந்தால் ஆறு நாளும் ஒரு நேரம்தான்.

"மீனுக்கு என்னத்துக்கு அண்ணை விரதம்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"எனக்குச் சீனி வருத்தமெல்லே தம்பி. டொக்டர் விரதம் பிடிக்கவே கூடாது எண்டு போட்டார். அதுக்காக, சின்ன வயசிலையிருந்து பிடிச்ச விரதத்தைக் கைவிடேலுமே? அதுதான் எனக்குப் பதிலா அதுகள் பிடிக்குதுகள்."

இதைச் சொல்லும்போது அவர் கையில் கொத்துரொட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம். மரக்கறிக் கொத்துத்தான், ஆனால் முட்டை போட்டது.

அவருடைய தொழில் கோயில் திருவிழாக்களுக்கு லைற் கட்டுவது. அச்சுவேலி, புத்தூர், சுன்னாகம் என்று எந்தப் பக்கத்துக் கோயிலில் கொடி ஏறினாலும் அண்ணையின் லாண்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு மெசின், பின்பெட்டி நிறைய ரியூப் லைற்றுகளோடு தடதடவென்று போகும். சுவாமி வெளிவீதி வரும்போது தெருவில் விழுந்த ஊசியைப் பொறுக்கலாம். வலிகாமம் முழுவதற்கும் வெளிச்சம் கொடுத்த அந்த மனிதர், தன் வீட்டு மீன்களுக்கு மட்டும் வெளிச்சத்தை அளந்து அளந்துதான் கொடுத்தார்.

"பாசிக்கு ரெண்டு சாமான் வேணும் தம்பி. வெளிச்சம், சாப்பாடு. ரெண்டையும் நிப்பாட்டு. வந்த பாசி பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடும்."

தொட்டிக் கண்ணாடியில் பச்சை நிறத்தில் ஒரு தூசி தெரிந்தால் போதும். கையில் அகப்பட்ட துணியை எடுத்துத் தொட்டியைச் சுற்றி மூடிவிடுவார். போர்வை, சாரம், ஒருமுறை அவருடைய மனைவி, எங்கள் அக்காவின் கூறைச்சேலை. அன்றைக்குப் பார்த்து மீன் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, "இண்டைக்கு மீனுகளுக்கு அமாவாசை. நாளையிண்டைக்கு வாருங்கோ" என்பார். வந்தவர்கள் திரும்பிப் போய் ஊரில் சொல்லுவார்கள். இப்படித்தான் அவர் அமாவாசை அண்ணை ஆனார். எந்த அளவுக்கு ஆனார் என்றால், அவருடைய மகளின் கலியாணக் கார்ட் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தகப்பன் பெயரைப் பார்த்து, "உது ஆரப்பா?" என்று நானும் மனைவியும் தேத்தண்ணி ஆறும்வரை யோசித்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்கத்தான் ஆசை. ஆனால் சொல்லாவிட்டால் நான் ஏன் எரிந்தேன் என்பது உங்களுக்கு விளங்காது. கீரிமலைக் கடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, கழுவி, துடைத்து, வீட்டுக்குள் வைத்ததுபோல் இருக்கும். தண்ணீர் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். நீலமும் மஞ்சளுமாக மீன்கள் காற்றில் பறப்பதுபோல் திரியும். நடுவில் ஒரு கல். கல்லின் மேல் ஒருவர் குந்தியிருப்பார். நனைந்த கல்லின் நிறம், தவளை மூஞ்சி, முன் செட்டைகள் இரண்டையும் முழங்கைபோல் ஊன்றிக்கொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் கண்ணை உருட்டி மேலும் கீழும் பார்ப்பார். இடையிடையே கல்லில் முளைக்கிற பாசியை ஒரு கொறி கொறிப்பார். ஊரை மேற்பார்க்கிற கிராம அதிகாரிபோல் இருந்ததால் அண்ணை அவருக்கு வைத்த பெயர் விதானையார். மற்ற மீன்களை 'அது, இது' என்பார். விதானையாருக்கு மட்டும் 'வாருங்கோ, போங்கோ' தான். எனக்கு 'நீ'.

இனி என் தொட்டி. மனைவியின் தம்பி கனடாவில் இருக்கிறான். அங்கே அவன் வீட்டிலும் ஒரு கடல் தொட்டி. போனமுறை வந்தபோது கொழும்பில் ஒரு தொட்டியும், செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்களும் வாங்கி, வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் ஹோலில் வைத்துவிட்டு, "அத்தான், பிள்ளையள் மாதிரிப் பாருங்கோ. திரும்பி வரேக்கை நான் பாக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறினான்.

நான் பார்த்தேன். நான் பார்க்கப் பார்க்க அது வளர்ந்தது. மீன் இல்லை, பாசி. முதலில் கண்ணாடியில் ஒரு பச்சைத் தூசி. பிறகு கல்லுக்கு மீசை. பிறகு தாடி. பிறகு பம்பின் வாயில் ஒரு சடாமுடி. கடைசியில் என் மீன்கள் இரண்டும் நெல்வயலுக்குள் தொலைந்த இரண்டு செம்மஞ்சள் தோடம்பழங்கள்போல் எப்போதாவது எட்டிப் பார்த்தன.

பல்லுத் தேய்க்கிற பிரஷால் உரஞ்சினேன். உரஞ்சிய பாசி தண்ணீரில் பறந்துபோய், இதுவரை பாசி இல்லாத இடங்களில் குடியேறியது. உரஞ்சியதால் வந்த லாபம், என் பிரஷ் எது தொட்டிப் பிரஷ் எது என்று ஒருநாள் காலையில் குழம்பியதுதான்.

பொறாமை எனக்குப் புதிதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் தலைமயிரைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் பிள்ளையார் கோயிலில் நின்று நான் இப்படி வேண்டியது இதற்காக மட்டும்தான்: "பிள்ளையாரே, என்ரை பாசியை நீ எடுக்காட்டிலும் பறவாயில்லை. அவரின்ரை தொட்டியிலையும் கொஞ்சத்தை வை."

ஒருநாள் அண்ணை என் தொட்டியைப் பார்க்க வந்தார். கண்ணாடிக்குக் கிட்டப் போய், மூக்குத் தொட நின்று பார்த்தார்.

"அடேயப்பா! என்ன வடிவான பாசி! ரெண்டு ஆடு கட்டலாம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

"தண்ணி வத்த வத்த என்னத்தை விடுறனீ?" என்று கேட்டார். கடல் தொட்டியில் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். ஆகவே குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் விடவேண்டும்.

"கிணத்துத் தண்ணிதான் அண்ணை."

"ஆரின்ரை கிணறு?"

"ஏன், எங்கடை கிணறுதான்."

அண்ணை தலையில் கை வைத்தார். "உன்ரை கிணத்தைச் சுத்தி நாலு பக்கமும் வெங்காயத் தோட்டம். தோட்டத்துக்குப் போடுற உரம் எல்லாம் நிலத்துக்காலை இறங்கி உன்ரை கிணத்துக்கைதான் வந்து நிக்குது. நீ மீன் வளக்கேல்லைத் தம்பி. கடலுக்கை வெங்காயம் செய்யிறாய்."

ஒருவனின் உத்தியோகத்தைக் குறை சொல்லலாம். பிள்ளைகளின் சோதனை முடிவைக் குறை சொல்லலாம். யாழ்ப்பாணத்தானின் கிணற்றைக் குறை சொல்லக்கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிநாடு போனவர்கள், போன் எடுத்தால் என்னை விசாரிக்க மறந்தாலும் கிணற்றை விசாரிப்பார்கள். அவர் கேற்றைத் தாண்டியதும், ரோசத்தில் இன்னும் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்து தொட்டிக்குள் விட்டேன். பாசிக்குப் புதுவருசம்.

சாப்பாட்டு விசயத்தில் குற்றம் முழுவதும் என்மேல் இல்லை. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "மீனுக்கும் ஒரு கிள்ளுப் போடுங்கோவன்" என்று சாப்பாட்டுப் பேணியை நீட்டுவாள். வந்தவர்கள் அள்ளிப் போடுவார்கள். கறன்ற் மீற்றர் பார்க்க வந்தவர்கூடப் போட்டார். "எங்கடை வீட்டிலை இருந்துகொண்டு பசியோடை கிடக்க விடேலுமே?" என்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் மைத்துனனிடமிருந்து போன் வந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறானாம். மனைவி போனை வைத்தாள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ. தம்பி வரேக்கை உது உப்பிடியே கிடந்தால், ரெண்டு மீனையும் கொண்டுபோய் அமாவாசை அண்ணையிட்டைக் குடுத்திடுவன். அங்கையெண்டாலும் கண் தெரிய நீந்தட்டும். தொட்டியைக் கிணத்தடியிலை வைச்சு உடுப்பு ஊறப்போடலாம்."

தொட்டியில் உடுப்பு ஊறுவதுகூடப் பெரிதில்லை. ஆனால் நான் வேலையால் வந்து சைக்கிளை நிறுத்துகிற சத்தத்துக்கே கண்ணாடிக்குக் கிட்ட ஓடிவருகிற என் இரண்டு மீன்களும், நாளைக்கு அவருடைய லாண்ட்மாஸ்டர் சத்தத்துக்கு ஓடும் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் யாரோ மிளகாய் இடித்தார்கள்.

அவருடைய இரகசியத்தைக் கேட்காமலும் இல்லை. கேட்டேன். "விரதம்தான் தம்பி" என்றார். யார் நம்புவார்கள்? ஏதோ மருந்து வைத்திருக்கிறார், சொல்லமாட்டேன் என்கிறார் என்று முடிவு செய்தேன். அண்ணை அச்சுவேலிப் பக்கம் லைற் கட்டப் போயிருந்த ஒரு நாள், ஏணி இரவல் கேட்கிற சாட்டில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஏணி பின்னுக்குக் கிடக்கு, எடுங்கோ தம்பி" என்று அக்கா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தார்.

நான் பின்னுக்குப் போகவில்லை. தொட்டிக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்தேன். குழாய், வலை, பிரஷ். எல்லாவற்றுக்கும் பின்னால், பழைய துணியில் சுற்றி ஒளித்து வைத்த ஒரு பால்மாப் பேணி. திறந்தால், வெள்ளை வெளேரென்று மினுமினுக்கிற ஒரு தூள். பேப்பர் துண்டில் கொஞ்சத்தைச் சுருட்டிச் சேட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கல்லில் இருந்து விதானையார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏணி எடுக்கேல்லையோ?" என்றார் அக்கா.

"பாத்தனான் அக்கா, பாத்ததே போதும்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

வந்து, இரண்டு கரண்டியை என் தொட்டிக்குள் போட்டுக் கலக்கினேன். மிச்சத்தைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விடிந்தால் நான்தான் ராசா என்று படுத்தேன்.

விடிந்தது. ஹோலுக்கு வந்த மனைவி கேட்டாள்: "சொதி வைச்சிட்டியளோ?"

உண்மையில் சொதிதான். கட்டித் தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைச் சொதி. அதற்குள் இரண்டு மீன். இரண்டும் தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடின. மூச்சுத் திணறுகிறது. ஓலை விசிறியை எடுத்துத் தொட்டிக்கு விசிறினேன். அது காணாதென்று அகப்பையை எடுத்துக் கலக்கினேன்.

"உப்புக் காணுமோ எண்டும் பாருங்கோவன்" என்றாள் மனைவி. பிறகு மேலே வந்து வாயைத் திறந்த மீனைக் கண்டதும் அவளுக்கும் பகிடி நின்றுவிட்டது. "ஐயோ, சாகப்போகுதுகளப்பா! ஓடிப்போய் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

உலகத்தில் யாரிடம் போகக்கூடாதென்று இருந்தேனோ அவரிடம் கட்டிய சாரத்தோடு ஓடினேன். விசயத்தை முழுக்கச் சொல்லி முடிக்க முதலே அண்ணை காற்றுப் பம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பின்னால் அக்காவும் வந்தார். பம்பைத் தண்ணீருக்குள் விட்டார். குமிழி கிளம்பியது. பிறகு நிமிர்ந்தார்.

"என்னடாப்பா போட்டனீ?"

"ஒண்டும் போடேல்லை அண்ணை."

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. தொட்டியின் ஓரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் பேப்பர் சுருளைச் சுற்றி எறும்பு. சுருளில் இருந்து மேசைக்கால் வழியாக, நிலத்தால், கதவடி வரைக்கும் திருவிழாச் சனம்போல் எறும்பு வரிசை. அந்தக் கணத்தில்தான் அந்த மருந்து என்னவென்று எனக்கும் விளங்கியது.

அண்ணை குனிந்து பம்பைச் சரிசெய்வதுபோல் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"பால்மாப் பேணியோ?"

"ஓம்."

"எத்தினை கரண்டி?"

"ரெண்டு."

"பாவி! அக்கா காணாமல் ஒவ்வொரு கிள்ளாச் சேத்த சீனியடா. என்ரை ஒரு கிழமைத் தேத்தண்ணி!"

"என்னவாம்?" என்று பின்னால் இருந்து அக்கா கேட்டார்.

அவர் சொன்னால் நான் அலுமாரி திறந்த கள்ளன். நான் சொன்னால் அவருடைய தேத்தண்ணி அன்றோடு சரி. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"காத்துக் காணாதாம்!" என்றார் அண்ணை உரத்து.

"ஓம் அக்கா, காத்துத்தான்" என்றேன் நான், அதைவிட உரத்து.

அன்றைக்கு அண்ணை லைற் கட்டப் போகவில்லை. லாண்ட்மாஸ்டர் பெட்டியில் லைற்றுகளை இறக்கிவிட்டுத் தண்ணீர்க் கான்களை ஏற்றினார். கீரிமலைக்குப் போய்க் கடல் தண்ணீர் அள்ளி வந்து, சொதியை வாளி வாளியாக இறைத்து ஊற்றி, புதுத் தண்ணீர் விட்டோம். வழி முழுக்க அவர் என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். லாண்ட்மாஸ்டர் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கேட்ட பாதி, சீனியைத் தின்று கிருமி பெருகித்தான் தண்ணீர் பாலாகி மீன்களின் காற்றைக் குடித்தது என்பது; அதுவே எனக்குக் காணும். பின்னேரம் இரண்டு மீனும் மேலே வாய் திறப்பதை விட்டுவிட்டுக் கீழே இறங்கி நீந்தின. அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இனி நான் சொல்லுறதைக் கேள். உன்ரை மச்சினன் வாறதுக்கிடையிலை உதைத் திருத்திறம்."

முதல் கட்டளை, மீன்களுக்கு விரதம். மனைவி கண் கலங்கினாள். "வாயில்லாத சீவனுகள் அண்ணை..."

"வாய் இருக்கிறதுதான் பிள்ளை இப்ப பிரச்சினை. அதுகள் திண்டது பாதி, அழுகினது பாதி. அந்த அழுகலைத்தான் பாசி தின்னுது. கொஞ்ச நாளைக்கு வாறவைக்குத் தேத்தண்ணியை மட்டும் குடும்."

இரண்டாவது, கல்லுகளை எடுத்துத் தாடியைக் கையால் சிரைத்தல். அதைச் செய்தது நான். பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, "காதடியிலை இன்னும் கிடக்கு" என்று சொன்னது அவர்.

மூன்றாவது, என் கிணற்றைத் தொடக்கூடாது. மறுநாள் அவருடைய பெட்டியில் இரண்டு நீலப் பீப்பாய்கள் வந்து இறங்கின. "மார்கழி மழை. கூரையாலை பிடிச்சு மூடி வைச்சது. வத்த வத்த உதை மட்டும் விடு." அது ஆடி மாதம். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கு ஐப்பசிவரை வானத்தைப் பார்க்கவேண்டும். அதை யோசிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை. மார்கழி மழையைக்கூட ஒளித்து வைத்திருந்திருக்கிறானே மனிசன் என்று அதற்கும் எரிந்தேன்.

நாலாவது, மூடி போட்ட ஒரு வாளியில் வந்தார். விதானையார்.

"அண்ணை, உவரை ஏன்..."

"என்ரை தொட்டியிலை அவருக்கு மேய ஒண்டுமில்லை. வயிறு ஒட்டிப் போச்சு. உன்ரை வீட்டிலை எண்டால் கலியாண வீடு." பிறகு வாளிக்குள் குனிந்து, குரலை மாற்றி, "தம்பி வீட்டிலை கொஞ்ச நாள் நிண்டிட்டு வாருங்கோ. கூச்சப்படாமல் சாப்பிடுங்கோ" என்றார். எனக்கு இரண்டு கரண்டிச் சீனிக்குத் திட்டு, மீனுக்கு உபசாரம்.

விதானையார் கூச்சப்படவில்லை. வந்த அன்றே என் கல்லில் முழங்கை ஊன்றிக் குந்தினார். கொறித்தார், கொறித்தார், விடியவிடியக் கொறித்தார் என்றே நினைக்கிறேன். கடைசியாக, மிச்சம் மீதிப் பாசி வாடட்டும் என்று மனைவியின் கட்டில் விரிப்பால் தொட்டியைச் சுற்றி மூடிவிட்டு, அண்ணை சொன்னார்: "நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் திறக்கக் கூடாது. அமாவாசை."

இனித்தான் வில்லங்கம். மைத்துனன் சொன்ன நாளுக்கு முதல் நாளே வந்து வாசலில் நின்றான். தன் அக்காவுக்கு, என் மனைவிக்கு, அதிர்ச்சி கொடுக்கிறானாம். அதிர்ச்சி எனக்குத்தான்.

"அத்தான், தொட்டி எங்கை?"

"உந்த விரிப்புக்குள்ளை."

"ஏன் மூடிக்கிடக்கு?"

நான் விரிப்பின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தேன். அந்த நேரம் பார்த்துப் பம்பைப் பார்க்க வந்த அமாவாசை அண்ணை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "இண்டைக்கு மீனுகளுக்கு அமாவாசை தம்பி. பின்னேரம் திரை விலகும்."

"அமாவாசை போன கிழமையெல்லே முடிஞ்சது?" என்றான் மைத்துனன். கனடாவில் இருந்தாலும் கலண்டர் தெரிந்தவன்.

"அது ஆக்களுக்கு" என்றார் அண்ணை.

பின்னேரம் எங்கள் ஒழுங்கையே ஹோலுக்குள் நின்றது. யார் சொன்னார்களோ தெரியாது. அண்ணை திருவிழாவுக்குக் கொண்டுபோக வைத்திருந்த லைற் ஒன்றைத் தொட்டிக்கு மேலே கட்டினார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். விரிப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. பாசி போயிருக்கலாம். போகாமல் இருக்கலாம். இருட்டுக்குள் மீன்களே போயிருக்கலாம். மனைவி என்னைப் பார்க்கவில்லை. கையில் ஒரு வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீன் கொண்டுபோகிற வாளி.

அண்ணை ஒரு கையால் விரிப்பின் நுனியைப் பிடித்தார். மறுகையால் சுவிச்சைப் போட்டார். இழுத்தார். பின்வரிசையில் நின்ற யாரோ தன்னை மறந்து "அரோகரா" என்றார்கள்.

கண்ணாடி இருக்கிறதா என்று தெரியவில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று தெரியவில்லை. சிரைத்த கல்லு ஊதா நிறத்தில் பளபளத்தது. என் இரண்டு தோடம்பழங்களும் வெளிச்சத்தில் ஒருகணம் திகைத்து நின்றன. பிறகு, அவ்வளவு சனத்துக்குள்ளும் என்னைத் தேடிப் பிடித்து, நான் நின்ற பக்கத்துக் கண்ணாடிக்கு ஓடிவந்தன. கல்லின் உச்சியில் விதானையார், வயிறு முட்ட, எல்லோரையும் மேலும் கீழும் பார்த்தார். மனைவி வாளியைக் கதவுக்குப் பின்னால் மெல்ல வைத்தாள்.

மைத்துனன் கண்ணாடிக்குக் கிட்டப் போய்க் குனிந்தான். அவன் முகத்தில் ஒரு சாயல் ஓடியது. எங்கேயோ பார்த்த சாயல். பிறகுதான் பிடிபட்டது: தினமும் முகம் வழிக்கும்போது கண்ணாடியில் பார்க்கிற சாயல்.

"அங்கை என்ரை தொட்டியே உப்பிடி இல்லை அத்தான். ஆர் பாக்கிறது?"

நான் வாயைத் திறக்க முதல் அண்ணை முந்திக்கொண்டார். "வேறை ஆர்? உவன்தான். வேலையாலை வந்தால் உதோடைதான் கிடக்கிறான். நான் லைற் கட்ட வந்தனான்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் கலியாண வீட்டு வீடியோவில்தான் கடைசியாகப் பார்த்திருந்தேன். எனக்கோ எரிந்தது. இப்படி ஒரு வார்த்தையைச் சிரித்துக்கொண்டு தூக்கி மற்றவனிடம் கொடுக்கிற மனதும் இந்த மனிதருக்குத்தான் வாய்த்திருக்கிறதே என்று எரிந்தது.

மைத்துனன் திரும்பிப் போனபின், விதானையாரை வாளியில் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனேன். அண்ணை திருவிழாவுக்குப் போய்விட்டார். தொட்டியைச் சுற்றி அக்காவின் சேலை.

"அவர் விதானையாரை உங்களிட்டைத் தந்தபிறகு மூடினது, திறக்கிறாரே இல்லை" என்றார் அக்கா. "உப்பிடி ஒரு அமாவாசையை நான் காணேல்லை. ஆரையும் கிட்ட விடுறாருமில்லை." சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார்.

நான் சேலையின் ஒரு நுனியைத் தூக்கினேன்.

பச்சை. கண்ணாடியில் தூசி. கல்லில் மீசை. விதானையாரின் இடத்தில் ஒரு சின்னத் தாடி. கொறிக்க ஆள் இல்லை. பக்கத்தில் பீப்பாய் வைக்கிற இடத்தில் இரண்டு வட்ட அடையாளம் மட்டும். இரண்டு பீப்பாயும் என் வீட்டில். அந்த இடத்தில் ஒரு வாளி. அதற்குள் அரைவாசிக் கிணற்றுத் தண்ணீர்.

பிள்ளையார் நான் கேட்டதை மறக்கவில்லை. எத்தனை வருசமாக இந்த ஒரு காட்சிக்காகக் காத்திருந்தேன்! இப்போது நான் ஆடவேண்டும். ஒழுங்கை முழுக்க ஓடிச்சென்று சொல்லவேண்டும். நான் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"என்ன தம்பி, உள்ளுக்குப் பாசியோ?" குசினிக்குள் இருந்து அக்காவின் குரல்.

"இல்லையக்கா. பளிங்கு மாதிரிக் கிடக்கு."

விதானையாரை அந்த நுனியாலேயே மெல்ல உள்ளே விட்டேன். அவர் போய்த் தன் கல்லில் குந்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார். முதன்முறையாகக் குறை ஒன்றும் காணாதவர்போல் இருந்தது. சேலையை முன்பு இருந்த மடிப்பிலேயே இழுத்து மூடினேன். வீட்டுக்குப் போய், மிச்சம் இருந்த மழைத் தண்ணீரைப் பீப்பாயோடு உருட்டிக்கொண்டு வந்து அந்த வட்ட அடையாளத்தில் வைத்துவிட்டுப் போனேன்.

இதைப்பற்றி அவரும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. சீனியைப்பற்றியும்தான்.

இப்போது அண்ணையும் அக்காவும் மகளோடு நோர்வேயில். வட கோடியில் ஏதோ ஒரு ஊர். தொட்டியும் விதானையாரும் என் வீட்டில். போனவாரம் வீடியோவில் போன் எடுத்தார். பின்னால் யன்னல் முழுக்கக் கருப்பு.

"அண்ணை, அங்கை இப்ப இரவோ?"

"மத்தியானமடாப்பா! மாசக்கணக்காச் சூரியன் வராதாம். நாடு முழுக்கப் போர்வை போட்டு மூடிக் கிடக்கு." குரலில் அப்படி ஒரு திருப்தி. "பாசி மருந்துக்கும் இல்லை." பிறகு போனுக்குக் கிட்ட வந்து, "அவர் சாப்பிடுறாரோ?" என்றார்.

விதானையாருக்குப் போனைக் காட்டினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. சாப்பாடு போட்டிடாதை" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இரத்தம் சோதித்த டொக்டர் இப்போது எனக்கும் சீனி என்கிறார். விரதம் பிடிக்கவே கூடாதாம். "அதுகள் பிடிக்குதுகள்தானே," என்று மனைவி தொட்டியைக் காட்டினாள், "உங்களுக்கும் சேத்துப் பிடிக்கட்டுமன்."

வேண்டாமென்று விட்டேன். அந்த மனிதரிடம் இருந்த ஒவ்வொன்றையும் பார்த்து எனக்கும் வேண்டுமென்று எரிந்தவன் நான். அதுகள் பிடிக்கிற வெள்ளிக்கிழமை விரதத்தின் புண்ணியம் மட்டும் முழுவதுமாக அவருக்கே போய்ச் சேரட்டும்.